முதலில் ரைஃபிள் கட்டையை அளந்து பார்

பாப்பா,

நீ ரைஃபிள் வாங்கப் போகிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். மற்றதற்கெல்லாம் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கேள்விக்கு மட்டும் எழுது. வாங்கியதை எங்கே வைக்கப் போகிறாய்? பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். இன்றைக்கு அவனுக்கு எட்டாத தட்டு கொஞ்ச நாளில் எட்டும். ரைஃபிள் ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள், சாவி இரண்டும் உன்னிடம். இரும்புப் பெட்டி முதலில் வீட்டுக்கு வரட்டும், ரைஃபிள் அப்புறம் வரட்டும்.

போட்டிக்காக இல்லை, ஓய்வு நேரத்தில் தாளில் சுடத்தான் என்றாயாம். அதற்குப் பாயிண்ட் டூ டூ (.22) லாங் ரைஃபிள் என்ற தோட்டாவை விட்டால் வேறு பேச்சே இல்லை. 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தோளில் உதை இல்லை என்றே சொல்லலாம். உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் இதில் வராது. இருந்தாலும் சத்தத்தைச் சின்னது என்று நினைத்துவிடாதே, காதுக்கு அடைப்பு கட்டாயம். கண்ணாடியும் கட்டாயம். வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை இந்தத் தோட்டாவின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த விளிம்பு எப்போதாவது கிழிந்தால் சூடான காற்றும் பித்தளைத் துணுக்கும் முகத்தை நோக்கி வரும்.

மாப்பிள்ளை ரூகர் 10/22 என்கிறாராம். குறை சொல்ல மாட்டேன். 1964-இல் வந்தது, பத்துத் தோட்டா கொள்ளும் அதன் சுழல் மேகசின் நம்பகமானது, உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள் கையில் இருந்தால் விரல் நிற்காது. பெட்டி காலியாகும், தாளில் கற்றுக்கொண்டது ஒன்றும் இருக்காது. பாயிண்ட் டூ டூவின் மெழுகும் கரியும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். வெற்றுக் கூடு வெளியே போகாமல் நெட்டுக்குத்தாக மாட்டி நிற்கும். அப்போது பார்க்க வேண்டிய இடம் கூட்டை இழுக்கும் கொக்கி. அதன் அடியில் களிம்பு மாதிரி அழுக்கு அடைந்திருக்கும், பல் துலக்கும் தூரிகையாலேயே எடுத்துவிடலாம்.

உனக்கு, ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிள்தான் சரி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை போய்த் திரும்பி வருவதற்குள் மூச்சு அடங்கும். ஸிஇஸட் 457 என்ற ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார். போல்ட் கைப்பிடி 60 பாகைதான் தூக்க வேண்டும், அதனால் மேலே ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, இருந்தாலும் விரல் இடிக்காது. விசையின் கனத்தையும் திருத்திக்கொள்ளலாம். டிக்கா டி1எக்ஸ் என்பதும் அதே தரம். இரண்டில் எது என்று நான் சொல்லப் போவதில்லை, உன் தோள் சொல்லட்டும். குழலுக்கு அடியில் நீளக் குழாயாக மேகசின் வைத்த ரைஃபிள் மட்டும் வேண்டாம். எல்லாம் காலி என்று நினைத்த பிறகும் ஒரு தோட்டா அந்தக் குழாய்க்குள் தங்கியிருக்கும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது கூடாது. கழற்றக்கூடிய மேகசின் என்றால் எடுத்து வெளியே வைத்து, போல்ட்டைத் திறந்து, கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவிப் பார்க்கலாம்.

குழல் நீளத்துக்காக அலட்டிக்கொள்ளாதே. 16 அங்குலம் முதல் 20 அங்குலம் வரை போதும். இந்தத் தோட்டாவின் மருந்து அதற்குள் எரிந்து முடிந்துவிடும். கனமான குழல் கையை நிலையாக வைக்கும், அவ்வளவுதான். ஸ்கோப் வாங்கினால் 50 கஜத் தூரத்துக்குக் குறி நகரும் பிழையைத் திருத்திய, இந்த மாதிரி விளிம்பில் பற்றும் தோட்டாவுக்கான ரிம்ஃபயர் ஸ்கோப்பாகக் கேள். பெரிய ரைஃபிளுக்கானது பெரும்பாலும் 100 கஜத்துக்குத் திருத்தியிருக்கும். அதைக் கொண்டு கிட்டத்தில் சுட்டால், கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக் கோடு தாளின்மேல் நகரும்.

தோட்டா விஷயத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஒரே மாதிரி இரண்டு ரைஃபிள் அடுத்தடுத்துச் செய்யப்பட்டிருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது. 40 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, சாதாரண வேகம், அதில் நாலைந்து வகை வாங்கிக்கொள். குழல்வாயில் விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வரும், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. அதிவேகத் தோட்டா 380 அளவில் புறப்பட்டுப் பாதி வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தடுமாறலாம். பக்கக் காற்றிலும் அதிவேகக் குண்டுதான் அதிகம் தள்ளப்படும். கேட்டால் நம்ப மாட்டாய், தாளில் போட்டுப் பார்த்தால் தெரியும்.

காற்றில்லாத காலையில், 50 மீட்டரில், மணல் பையில் ரைஃபிளை வைத்துச் சோதித்துப் பார். வகை மாற்றும்போதெல்லாம் முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதே. பழைய தோட்டாவின் மெழுகும் ஈயமும் போய்ப் புதியது குழலில் படிய அத்தனை வேண்டும். பிறகு ஐந்தைந்தாக ஐந்து கூட்டம் சுடு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஓட்டைகள் எவ்வளவு அகலம் விரிந்தன என்று அளந்து ஐந்தின் சராசரியைப் பார். ஐந்தில் அழகாக விழுந்த ஒன்றை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டி ஏமாறாதே. சராசரி 25 மில்லிமீட்டருக்குள் வந்தால் நல்ல ரைஃபிள், நல்ல தோட்டா. பிடிக்காத தோட்டா அதே குழலில் இரண்டு மடங்கு விரியும். பிடித்ததைக் கண்டுபிடித்ததும் அதே தயாரிப்பு எண் உள்ள பெட்டிகளாகச் சேர்த்து வை. 50 மீட்டரில் குறியைத் திருத்திவிட்டு 100 மீட்டரில் சுட்டால் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே விழும், பயப்படாதே.

குழலை அடிக்கடி தேய்த்துத் துடைக்காதே. துடைத்த குழல் மறுபடி அடங்க பத்து இருபது தோட்டா கேட்கும்.

தோட்டா பெட்டிக்குத் தனிப் பூட்டு என்று சொன்னேன் அல்லவா, அதை மறந்துவிடாதே.

தோளில் ஊன்றும் கட்டையின் நீளத்தை, அதாவது விசையிலிருந்து ரைஃபிளின் அடி வரை உள்ளதை, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். ரைஃபிளின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து விசையை நோக்கி விரலை நீட்டு. சுட்டுவிரலின் முதல் கணுவின் சதை சிரமமில்லாமல் விசையில் படிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திற. தலையை நகர்த்தாமலே ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கட்டை நீண்டுவிட்டால் இடுப்புக்கு மேல் உடம்பு பின்னால் சாயும், கழுத்து முன்னால் நீளும், விரல் நுனி மட்டும் விசையைத் தொட்டுப் பக்கவாட்டில் தள்ளும். பத்து நிமிடத்தில் தோள் நடுங்கும்.

பச்சைப் பெட்டியில் உன் பழைய தாள்கள் இருக்கின்றன. போன வாரம் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் நெருக்கமாகவே இருக்கின்றன பாப்பா, ஆனால் எல்லாம் நடுவை விட்டு ஒரே பக்கம். அப்படி விழுந்தால் சுட்டவர் கை சுத்தம். ரைஃபிள் அவர் அளவுக்கு இல்லை, அல்லது குறி அவர் கண்ணுக்குத் திருத்தப்படவில்லை. இது எனக்குத் தெரியாததா? பதினொரு வயதில் உன் கையில் என் கட்டையைக் கொடுத்தேன், 35 சென்டிமீட்டர். அப்போது உனக்கு 29, 30 போதுமாக இருந்தது. அடியில் நீளம் கூட்டும் தகடுகளைக் குறைவாக வைத்துச் செய்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அதைச் செய்யாமல் கவனமில்லை, கவனமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது. உன் கையைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டிய தாள்கள் அவை.

ஆகவே நான் சொன்ன பெயர்களுக்காக எதையும் வாங்காதே. தகடு சேர்த்துக் குறைத்து நீளத்தை மாற்றக்கூடிய கட்டையாகப் பார்த்து வாங்கு.

இன்னும் சில. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையைத் தாள் பக்கமே வைத்து 30 விநாடி பொறு, பிறகு திற. விளிம்பில் குத்து ஆழமாக இருந்தால் தோட்டாவின் குறை. மேலோட்டமாக இருந்தால் தோட்டாவைக் குத்தும் ஊசியில் அழுக்கு, அல்லது போல்ட் முழுதாக மூடவில்லை. அதே தோட்டாவைத் திருப்பிப் போட்டுச் சுடச் சொல்வார்கள், வேண்டாம், ஒதுக்கி வை. சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்து. ரைஃபிளைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார். குண்டு உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டில் பழகும்போது, குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்க விசையை இழுக்காதே, போலித் தோட்டா போட்டுக்கொள். பல ரைஃபிள்களில் ஊசி அறையின் ஓரத்தைக் குத்திக் குத்தித் தடிக்க வைத்துவிடும், பிறகு கூடு வெளியே வராது.

சுட்டுவிட்டு வந்ததும் பேரனைத் தூக்காதே. கையில் ஈயம் இருக்கும், சட்டையிலும் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு தூக்கு.

முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் முதல் கணு வரை ஒரு நாடாவால் அளந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். பெட்டி வந்துவிட்டதா என்பதை மட்டும் கூடவே எழுது.

அப்பா