ஒருவர் தலையில் மட்டும் சுமத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உக்ரைன் போர் பற்றிய தங்கள் தலையங்கம், பழி முழுவதையும் அதிபர் புதின் ஒருவர் மீதே சுமத்தியிருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று படைகளை எல்லை தாண்ட அனுப்பிய முடிவு அவருடையது என்பதில் ஐயமில்லை. அவரைத் தப்பவிடுவது என் நோக்கமும் அன்று. ஆனால் போரின் காரணத்தை ஒரு மனிதரின் குணத்தோடு முடித்துக்கொண்டால், அதற்கு இரண்டு நாள் முன்பு வெளிநாட்டில் படைகளைப் பயன்படுத்த ஒருமனதாக அனுமதி தந்த ரஷ்ய நாடாளுமன்ற மேலவை போன்றவை சத்தமில்லாமல் கழன்றுகொள்கின்றன. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையும், 227ஆம் பிரிவின்படி ஜெர்மானியப் பேரரசரான கெய்சர் இரண்டாம் வில்லியமை விசாரணைக்கு நிறுத்த முற்பட்டது. நெதர்லாந்து அவரை ஒப்படைக்க மறுத்ததால் அது நடக்கவேயில்லை. அந்தப் போர் மூண்ட 1914 ஜூலையில் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது ஆஸ்திரியா-ஹங்கேரி, அதற்குத் துணை நிற்பதாக முன்கூட்டியே வாக்களித்தது ஜெர்மனி, முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது ரஷ்யா என்பதை நினைத்தால், ஒரே குற்றவாளியைத் தேடுவது எவ்வளவு வசதியான வேலை என்பது விளங்கும்.

சேலத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது நான் திருத்திய விடைத்தாள்களில், முதல் உலகப் போருக்குப் பாடநூல் வரிசையாகக் காரணங்கள் தந்திருந்தும், 'கெய்சரின் பேராசை' என்று ஒற்றை வரியில் எழுதி அடிக்கோடிட்டு முடித்துவிடும் மாணவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; நாளிதழ்களும் அப்படித்தானே எழுதுகின்றன. இனி இத்தகைய தலையங்கங்களோடு, எந்த அரசு எந்தத் தேதியில் என்ன முடிவெடுத்தது என்ற சிறு காலவரிசையையும் ஒரு வரைபடத்தையும் சேர்த்து வெளியிட்டால், வாசகர்கள் தாமே எடைபோட்டுப் பார்க்க வழி கிடைக்கும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்