பட்டியலைப் பார்த்து ஒயின் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு சிவப்பு ஒயின்களைப் பற்றி வந்த கட்டுரை படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை யாரும் தொடுவதில்லை, தொட்டதற்கு நன்றி. ஆனால் 'லேபிளில் கிரான் க்ரூ (உயர்ந்த தரம் என்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்) என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்', 'வாங்கியதைப் பல வருடம் வைத்திருந்து குடியுங்கள்' என்று அதில் கொடுத்திருக்கும் இரண்டு யோசனைகளும் வாசகர் பணத்துக்கு வேட்டு வைப்பவை. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பிரான்ஸிலிருந்து வரும் உறவினர்கள் புட்டி கொண்டுவருவது இன்றும் சகஜம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 1855 பட்டியல். போர்தோவின் கிரான் க்ரூ தோட்டங்கள் பல இதில் இருப்பவைதான். அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவின் வர்த்தக சபை, ஒயின் தரகர்களைக் கூப்பிட்டு ஒரு பட்டியல் கேட்டது. தரகர்கள் கோப்பையை வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்த்து மார்க் போடவில்லை. எந்தத் தோட்டத்து ஒயின் வருடா வருடம் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்ற கணக்கை வைத்து, ஏப்ரல் 18-ஆம் தேதி ஐந்து வகுப்பாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதாவது அது அந்தக் காலத்து விலைப்பட்டியல். முதல் வகுப்பில் இருந்தவை லாஃபித், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்குதான். கட்டுரையில் ஐந்து என்று வந்திருப்பது தவறு. ஐந்தாவதான மூத்தோன், இரண்டாம் வகுப்பிலிருந்து 1973-ல்தான் மேலே ஏறியது. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் அப்போது விவசாய அமைச்சராக இருந்து பின்னாளில் ஜனாதிபதியான ழாக் ஷிராக். 1855 கடைசியில் கான்த்மேர்ல் என்ற தோட்டத்தை ஐந்தாம் வகுப்பில் சேர்த்ததையும் இதையும் விட்டால், 170 வருடமாக யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இன்றைக்கு மொத்தம் 61 தோட்டங்கள்: 5, 14, 14, 10, 18 என்ற வரிசையில். ஓ-பிரியோன் ஒன்றைத் தவிர எல்லாமே போர்தோவுக்குள் இருக்கும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வகுப்பு ஒட்டிக்கொண்டிருப்பது தோட்டத்தின் பெயரோடு, நிலத்தோடு அல்ல. பக்கத்துத் தோட்டக்காரர் விற்ற நிலம் அதே அப்பெல்லாசியோன் (சட்டம் எல்லை வகுத்த ஒயின் வட்டாரம்) எல்லைக்குள் இருந்தால், வாங்கியவர் அதன் திராட்சையையும் தன் பெயரில் புட்டியில் அடைக்கலாம். வகுப்பு இறங்காது. 1855-ல் இருந்த நிலம் வேறு, இன்று அதே பெயரில் இருக்கும் நிலம் வேறு என்ற நிலை பல தோட்டங்களில் உண்டு. சந்தைக்கு இது தெரியும். ஐந்தாம் வகுப்பு லின்ச்-பாஜ், மூன்றாம் வகுப்பு பால்மேர் இரண்டும் பல இரண்டாம் வகுப்புத் தோட்டங்களைவிட அதிக விலைக்குப் போகின்றன. போர்தோவின் இன்னொரு வட்டாரமான பொமரோலில் பட்டியலே கிடையாது. உலகத்திலேயே விலை கூடிய ஒயின்களில் ஒன்றான பெத்ருயூஸ் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு தோட்டத்தைக் கட்டுரை விட்டுவிட்டது: சேன்-எஸ்தெஃப் ஊரின் கொஸ் தெஸ்தூர்னெல், 1855-ல் இரண்டாம் வகுப்பு. அதை உருவாக்கிய லூயி-கஸ்பார் தெஸ்தூர்னெல் இந்தியாவுக்குக் கப்பலில் ஒயின் அனுப்பி வியாபாரம் செய்தவர். விற்காமல் திரும்பி வந்த புட்டிகள் கடல் பயணத்தில் இன்னும் பக்குவப்பட்டிருந்தன என்பது தோட்டத்தார் பெருமையாகச் சொல்லும் கதை. போர்தோ சாலையில் போகிறவர்கள் இன்றும் நின்று பார்க்கும் பகோடா கோபுரங்களை எழுப்பியதும் அவர்தான். ஏதோ மாளிகை என்று நினைக்கத் தோன்றும். அது ஒயின் கிடங்கு. கடன் கழுத்தை நெரித்து 1852-ல் தோட்டத்தை லண்டன் பாங்குக்காரர் ஒருவருக்கு விற்றார், மறுவருடம் காலமானார். தன் தோட்டம் பட்டியலில் ஏறியதைப் பார்க்க அவர் இல்லை.

பிரான்ஸின் இன்னொரு பெரிய ஒயின் பகுதியான பர்கண்டியில் கதை தலைகீழ். அங்கே தரம் மண்ணுக்கு. சாதாரண பூர்கோஞ் (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்), ஊர்ப் பெயர் போட்டது, பிரமியே க்ரூ, கிரான் க்ரூ என நான்கு படி. ஒவ்வொரு படிக்கும் எல்லை, வயல் வரப்பு வரைக்கும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடங்களின் நிலம் ஏலம் போனது; அதன் பிறகு வந்த வாரிசுச் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு கொடுத்தது. விளைவு, சிஸ்தெர்சியன் துறவிகள் ஒரே மதிலுக்குள் வைத்திருந்த கிளோ த வூழோ என்ற சுமார் 50 ஹெக்டேர் நிலத்துக்கு இன்று ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். எல்லோரும் லேபிளில் கிரான் க்ரூ என்றுதான் போடுவார்கள். மேல் சரிவில் சுண்ணாம்புக்கல் கலந்து தண்ணீர் வடியும் மண். கீழே சாலையோரம் ஈரம் நிற்கும் கனத்த களிமண். இரண்டும் ஒரே பெயரில் விற்கும். ஆக, பர்கண்டியில் வயலின் பெயரைவிட அடியில் பொடி எழுத்தில் இருக்கும் உற்பத்தியாளர் பெயர்தான் முக்கியம்.

இன்னொரு குழி, ஊர்ப் பெயர்கள். ழெவ்ரே என்ற ஊர் தன் புகழ்பெற்ற வயலான ஷாம்பெர்த்தேனின் பெயரை 1847-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 'ஷாம்பெர்த்தேன்' என்று மட்டும் இருந்தால் கிரான் க்ரூ. 'ழெவ்ரே-ஷாம்பெர்த்தேன்' என்றால் ஊர் ஒயின். விலையில் பல மடங்கு வித்தியாசம் வரும்.

மறுபடி போர்தோ. அதன் இன்னொரு வட்டாரமான சேன்-எமிலியோனில் ஏமாறுவது இன்னும் சுலபம். அங்கே 'சேன்-எமிலியோன் கிரான் க்ரூ' என்பது வெறும் அப்பெல்லாசியோன் பெயர். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் போடலாம். கடைசியில் 'கிளாஸே' என்ற சொல் இருந்தால்தான் தேர்வாகி வந்தது என்று பொருள். இந்தப் பட்டியலை 1955-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை போல மாற்றி எழுதுகிறார்கள். மாற்றுகிறார்களே என்று சந்தோஷப்பட முடியாது, அடிக்கடி கோர்ட், கேஸ்தான். 2006 பட்டியல் கோர்ட்டில் ரத்தானது. 2022 பட்டியல் வருவதற்கு முன்பே ஓசோன், ஷெவால் பிளான், ஆன்ழெலூஸ் மூன்றும் 'எங்களுக்கு வேண்டாம்' என்று விலகிவிட்டன. உச்சப் படியில் இப்போது பாவி, ஃபிழாக் இரண்டுதான்.

லேபிளில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? 'கிரான் வேன் த போர்தோ' என்ற பெரிய எழுத்துக்குச் சட்டத்தில் எந்தத் தரமும் இல்லை, கண்டுகொள்ளாதீர்கள். 'மீ ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' என்றிருந்தால் தோட்டத்திலேயே புட்டியில் அடைத்தது. இதை 1924-ல் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் த ரோத்ஷில்த் தொடங்கி வைத்தார். அதற்கு முன் பீப்பாயாக விற்று, வியாபாரி அடைப்பதுதான் வழக்கம், வழியில் என்ன கலந்தது என்பது வியாபாரிக்கே வெளிச்சம். அடுத்து அறுவடை ஆண்டு. போர்தோவில் 2010, 2016 இரண்டும் அருமையான வருடங்கள், ஆனால் துவர்ப்பு அதிகம், பொறுமை வேண்டும். 2013 மழையும் குளிருமாகக் கெட்ட வருடம். மெல்லிய ஒயின், வைத்திருந்தால் தேறாது. 2017 ஏப்ரல் கடைசியில் பனி கருக்கி, பல தோட்டங்களில் விளைச்சலே இல்லை. கையில் காசு குறைவு என்றால் பெரிய தோட்டத்தின் 'இரண்டாம் ஒயின்' ஒரு வழி: இளங்கொடிகளின் பழமும், முதல் ஒயினுக்குக் கழித்த பீப்பாய்களும் சேர்ந்தது. அதைவிட நல்ல வழி, 1855 பட்டியலுக்கு வெளியே தனித் தரவரிசை பெற்ற மெதோக்கின் க்ரூ பூர்ழுவா தோட்டங்கள். 61-க்கு வெளியே உள்ள சாதாரண தோட்டங்கள் படும் பாட்டைக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. விற்காத ஒயின் தேங்கியதால், 2023-ல் போர்தோவில் கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று உதவித்தொகை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அதனால்தான் இன்று நல்ல போர்தோ நியாய விலைக்குக் கிடைக்கிறது.

இனி, 'பல வருடம் வைத்திருங்கள்' என்ற யோசனை. எந்த ஒயினை வைக்கலாம் என்பது அது தயாராகும் விதத்தில் இருக்கிறது. மெதோக்கில் சரளை மண்ணில் விளையும் கபர்னே சொவின்யோன் என்ற திராட்சை சிறிய பழம், தடித்த தோல். நிறமும் துவர்ப்பும் தோலில்தான். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் பறித்து, காம்பு நீக்கி, தொட்டியில் 26 முதல் 30 டிகிரி சூட்டில் ஒரு வாரம், பத்து நாள் நொதிக்க விடுவார்கள். தோல்கள் மேலே எழும்பித் தொப்பி போல மூடிக்கொள்ளும். தினமும் அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்ற வேண்டும். விட்டால் தொப்பி காய்ந்து, அதில் காடி பாக்டீரியா குடியேறும். சூடு 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் செத்து நொதித்தல் பாதியில் நின்றுவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரையை பாக்டீரியா பிடித்துக்கொண்டால் ஒயின் வினிகர் வாடையடிக்கும். குளிரூட்டும் வசதி வருவதற்கு முன் வெயில் வருடங்களில் போர்தோவில் நிறைய ஒயின் இப்படித்தான் கெட்டது.

நொதித்து முடிந்த பிறகும் தோலோடு ஊறவைத்து, மொத்தம் மூன்று நான்கு வாரம் கழித்து வடிப்பார்கள். சக்கையைப் பிழிந்த ஒயினைத் தனியே வைத்து, தேவைக்கு மட்டும் கலப்பார்கள். பிறகு பால் பாக்டீரியா வேலை செய்து, பச்சை ஆப்பிள் புளிப்பைத் தயிர்ப் புளிப்பாக மாற்றும். அடுத்து 225 லிட்டர் ஓக் பீப்பாய், அதாவது 300 புட்டி. அதில் 16 முதல் 20 மாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கசடை விட்டுவிட்டு வேறு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். கந்தகம் போதாத பழைய பீப்பாயில் பிரெத்தானோமைசிஸ் என்ற ஈஸ்ட் புகுந்தால் குதிரை லாய வாடை வரும். கடைசியில் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை வெள்ளைக் கருவை அடித்து ஊற்றுவார்கள். முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அது அடியில் படியும். மீந்த மஞ்சள் கருவில் பிறந்ததுதான் போர்தோவின் கன்லே பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள். சுத்த சைவக்காரர்கள் இந்த முட்டை விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்படி ஊறித் துவர்த்த மெதோக்குக்குத்தான் பத்து, பதினைந்து வருடம் பொருந்தும். மெர்லோ திராட்சை அதிகமுள்ள சாதாரண போர்தோவை நான்கைந்து வருடத்தில் குடித்துவிட வேண்டும். ரோன் பகுதியின் எர்மித்தாழ் காத்திருக்கும். சாதாரண கோத்-து-ரோன் காத்திருக்காது. நவம்பர் மூன்றாம் வியாழன் வெளியாகும் போழொலே நுவோ அடுத்த கோடைக்குள் முடிந்துவிட வேண்டிய சரக்கு.

அதுவும் 12, 13 டிகிரி நிலவறையில் வைத்தால் சொல்லும் கணக்கு. நம் ஊரில் அலமாரிக்குள் 32, 34 டிகிரி. இந்தச் சூட்டில் இரண்டு கோடை கடந்தாலே நல்ல ஒயின் வேகவைத்த பழம்போல மணக்க ஆரம்பிக்கும். புட்டிக்குள் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்பு கசியும். வாங்கும்போதே கழுத்தைத் தடவிப் பாருங்கள். கார்க் துருத்திக்கொண்டிருந்தால் எந்த வகுப்பானாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒயின் பிரிட்ஜ் இல்லாதவர்கள் சாதாரண பிரிட்ஜின் அடித்தட்டில் படுக்கவைத்து ஆறு மாதத்துக்குள் குடிப்பதே மேல். பிரிட்ஜின் தலையில் வைப்பது கூடவே கூடாது, அங்கே சூடும் அதிர்வும் ஓயாது.

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று கட்டுரை சொல்வது ஹீட்டர் இல்லாத பழைய ஐரோப்பிய வீட்டின் அறையை வைத்து. அது 16 முதல் 18 டிகிரி. நம் கூடத்தின் 30 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறும். வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு, புட்டியைக் கால் மணி நேரம் நிறுத்துங்கள். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் இருந்தால்தான் புட்டியைச் சுற்றிக் குளிர் பிடிக்கும். பினோ நுவார், கமே திராட்சைகளில் செய்த ஒயின்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட போர்தோவாக இருந்தால் முதல் நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் இறங்கியபின் மெதுவாக வேறு குடுவைக்கு மாற்றுங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க்கிலிருந்து வந்த கேடு. காற்றாட வைத்தாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுக்கலாம். மீந்ததைக் கார்க் போட்டு பிரிட்ஜில் வைத்தால் இளம் ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும். பழையது அன்றே முடிய வேண்டியது.

உறவினரிடம் சொல்லி அனுப்புபவர்களுக்கு ஒரு தகவல். விமானத்தில் வருபவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது புட்டிக்குச் சுங்க வரி கட்ட வேண்டிவரும்.

முதல் வகுப்புத் தோட்டங்களின் எண்ணிக்கை, மூத்தோன் ஆண்டு, பரிமாறும் சூடு ஆகிய மூன்றையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி