கொள்ளிடத்துத் தண்ணீரில் மீனுக்கும் பங்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொள்ளிடத்து உபரி நீர் ஒரு சொட்டுக்கூடக் கடலுக்குப் போகாதபடி வரிசையாகத் தடுப்பணைகள் கட்ட வேண்டும் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கடைமடை விவசாயி. அவருடைய தவிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நானும் ஆற்றுத் தண்ணீரைத் திறந்தும் அடைத்தும் பிழைத்தவன்தான். அணைக்கட்டு ஷட்டர்களில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆனால் அந்த ஆற்றுக்குள்ளேயே குடியிருக்கும் உயிர்களைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணை 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது இங்கிருந்துதான். சென்னை நகரம் குடிக்கும் தண்ணீரிலும் அதற்குப் பங்கு உண்டு. வெள்ளம் வடிகிற நாட்களில் இரவுப் பணியின்போது டார்ச்சை அணையின் கீழ்ப்பக்கச் சுவரில் அடித்துப் பார்த்தால், ஈரம் கசியும் இடமெல்லாம் சிறு சிறு கண்கள் கங்கு போல மினுங்கும். எல்லாம் ஆற்று இறால் குஞ்சுகள். விரல் நீளம்கூட இராது. உடல் கண்ணாடியாக இருக்கும், உள்ளே குடல் கறுப்புக் கோடாகத் தெரியும். கசிவு நீரைப் பிடித்துக்கொண்டு கல் இடுக்கில் கால் ஊன்றி ஏறும். சுவர் காய்ந்திருக்கும் இடம் வந்ததும் நின்றுவிடும். பின்னால் வருவது அதன் மேல் ஏறும், இரண்டும் சேர்ந்து விழும். விடிந்ததும் கொக்கும் நாரையும் வந்து கொத்திக்கொண்டு போகும்.

அவை ஏன் ஏறுகின்றன? தாய் இறால் வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமந்துகொண்டு வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு இறங்குகிறது. உப்புக் கலந்த தண்ணீரில்தான் குஞ்சு பிழைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அது நன்னீரைத் தேடி ஆற்றில் மேலே நடக்க வேண்டும். விலாங்குக்கு இதற்கு நேர்மாறு: ஆற்றில் வளர்ந்து, குஞ்சு பொரிக்கக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வழி வேண்டும். உல்லம் மீனுக்கும் அப்படித்தான். வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன் ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் முட்டையிட ஏறி வந்தது. முதலில் அணைக்கட்டுகள் மறித்தன. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் புதுவெள்ளத்தின் வேகமும் நாளும் மாறிப்போயின. உல்லம் பிடிப்பு ஒடுங்கிவிட்டது. கங்கையிலும் இதே கதைதான். 1975-இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த உல்லம் அணைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

கடலையே பார்க்காத மீன்களுக்கும் இதில் பாதிப்பு உண்டு. மழைத் தண்ணீர் செந்நிறமாகப் புரண்டு வரும்போதுதான் கெண்டை இனங்கள் பல சினைப்பட்டு எதிர்நீச்சல் போடும். வெள்ளம் கரை மீறிப் பரவினால் அந்த ஆழமற்ற நீரில் குஞ்சு வளரும். நாம் தண்ணீரைத் தேக்கிவைத்து, பாசன அட்டவணைப்படி அளந்து விடுகிறோம். தேங்கிய தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை பெருகுகிறது, கட்லா விட்டால் வளர்கிறது. ஓடும் நீரில் பிழைக்கும் கருமுழிக் கெண்டை அருகிப்போகிறது. அணைக்கரைச் சாலையோரத்தில் வறுத்த மீன் சாப்பிடுகிறவர்கள் தட்டில் கிடப்பது என்ன மீன் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஜிலேபிதான்.

இன்னொன்று, ஷட்டரை அடைக்கும் விதம். பல்லாயிரம் கனஅடி ஓடிக்கொண்டிருந்த ஆற்றை ஒரே நாளில் நிறுத்தினால், கீழே இருக்கும் மீன் ஆழத்தைத் தேடிப் போவதற்குள் மணல் வெளியே வந்துவிடும். மணல் அள்ளிய குழிகளில் மாட்டிக்கொண்ட மீனுக்கு இரண்டு வாரம்தான் கணக்கு. தண்ணீர் பாசிபிடித்துச் சூடேறி, கெளுத்திகூட வாயை மேலே நீட்டி மூச்சுக்குத் தவிக்கும். கெளுத்தி தவிக்கிறதென்றால் மற்றவை அதற்கு முன்பே செத்துவிட்டன என்று பொருள்.

நான் அணைகளுக்கு எதிரி அல்லன். கீழணைக்குக் கீழே உப்புநீர் நிலத்தடியில் ஏறி, கிணறுகள் கெட்டுப்போன ஊர்கள் எனக்குத் தெரியும். ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையை அந்த மக்கள் எதற்குக் கேட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஆற்றில் நீரோட்டமே இல்லாவிட்டால் முகத்துவாரத்தில் கடல் இன்னும் உள்ளே வரும். முகத்துவாரத்தில் இருக்கும் பழையாறு என்னும் ஊரின் மீனவருக்கும் பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டுக்கும் வேண்டிய வண்டலும் நன்னீரும் இந்த ஆறு கொண்டுபோய்ச் சேர்ப்பவைதான்.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் தந்த இறுதித் தீர்ப்பில் காவிரியின் ஓராண்டு நீரை மொத்தம் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்று கணக்கிட்டு, அதில் 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டி.எம்.சி. தனியே வைத்தது. பங்கீட்டுச் சண்டையில் மாநிலங்களின் எண்களை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். இந்தப் பத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதில் கீழணைக்குக் கீழே எந்த மாதம் எவ்வளவு விடப்படுகிறது என்பதை, மேட்டூர் நீர்மட்டம் வெளியிடுவது போல நாள்தோறும் வெளியிடச் சொல்லித் தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும்.

அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. இனிக் கட்டும் ஒவ்வொரு கதவணையின் வரைபடத்திலும் மீன் ஏறும் வழி முதலிலேயே இருக்க வேண்டும். கட்டிமுடித்தபின் ஒட்டவைக்கும் வேலை ஆகாது. அந்த வழி இறால் குஞ்சு காலூன்றி ஏறக்கூடிய சொரசொரப்பான சரிவாகவும் இருக்கட்டும். பழைய அணைகளில் வெள்ளம் வடியும் வாரங்களில் கரையோர ஷட்டர் ஒன்றை இரவில் நான்கு விரல்கடை தூக்கிவைத்தால், ஓரச்சுவர் முழுக்க ஈரமாக இருக்கும். பக்கத்தில் ஈரச் சாக்கோ கயிற்றுப் பாயோ தொங்கவிட்டால் குஞ்சு பிடித்து ஏறும். அடைக்கும்போது நான்கைந்து நாட்களில் படிப்படியாக இறக்கட்டும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஷட்டர் பணியாளருக்கு எழுத்துமூலமாக ஓர் உத்தரவு வந்தால் போதும், அவர் செய்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
அணைக்கரை.