அத்தைக்கு, ஒரு ஆமணக்குச் செடியைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். இங்கே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அங்கே மாமா பின்னாலிருந்து "யாரு, மெட்ராஸா?" என்று கத்திக்கொண்டிருந்தார், நானும் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்னது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. "ஏலே, செடிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறது, செல்போனு, ஓட்டு லிஸ்ட்டு, படிச்ச புத்தகம்னு என்னத்தையெல்லாமோ எழுதிட்டு இருக்க. ஒரு கிறிஸ்தவன் எழுதுற எழுத்தா இது? ஆத்துமாவுக்கு ஒண்ணும் இல்லியே."

நியாயமான கேள்விதான். தியானக் கட்டுரை எழுத நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது வரியிலேயே "பிரியமானவர்களே" வந்துவிடுகிறது. அதற்கப்புறம் எழுதுவது நானில்லை, கன்வென்ஷனுக்கு வரும் சிறப்புச் செய்தியாளர். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன். போன டிசம்பரில் நடந்த சங்கதி இது, கொஞ்சம் வெட்கக்கேடான சங்கதி.

எங்கள் பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில், நான் போடாத விதை ஒன்று செப்டம்பரில் முளைத்தது. காக்காய் கொண்டுவந்ததோ, வாங்கிய மண்ணோடு வந்ததோ தெரியாது. இரண்டு வாரத்தில் இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆமணக்கு. விரித்த கைபோல இலை, செவசெவவென்று தண்டு. பிடுங்கிப் போடத்தான் நினைத்தேன், விதையில் விஷம் இருக்கிறது, கீழ்வீட்டுக் குழந்தைகள் மாடிக்கு வரும். ஆனால் அதன் நிழலில் வைத்த புதினாத் தொட்டி, மூன்று வருஷமாக என் கையில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அந்தப் புதினா, திடீரென்று தழைக்க ஆரம்பித்தது. சரி இருக்கட்டும், காய் பிடித்தால் குலையை வெட்டிவிடலாம் என்று விட்டேன். மழை பிடித்தபின் அது வளர்ந்த வேகம் இருக்கிறதே, நவம்பர் கடைசியில் என் தலைக்கு மேலே போய்விட்டது. சாயங்காலம் அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பேன். ரயில்வே வேலையில் ரிட்டயர் ஆன எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்தே "என்ன சார், போதி மரமா?" என்பார்.

டிசம்பரில் காவடிப்புழு வந்தது. நடக்கும்போது நடு உடம்பைக் காவடிபோல வளைத்துத் தூக்குமே, அதுதான். குட்டியாக இருக்கும்போதே பார்த்திருந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கேட்டிருக்கும். விரல் நீளம் வந்துவிட்டால் கையால் பொறுக்குவதுதான் வழி. நான் வேலைக் களேபரத்தில் நாலு நாள் மாடிக்கே போகவில்லை. ஐந்தாம் நாள் போனால் நரம்பும் காம்பும் மட்டும் நிற்கிறது, குடைக்கம்பி மாதிரி.

அத்தை, அந்த வாரம் முழுக்க நான் அந்தச் செடியைப் பற்றித்தான் புலம்பினேன். ஆபீஸில் புலம்பினேன், தோட்டக்கார வாட்ஸப் குரூப்பில் போட்டோ போட்டுப் புலம்பினேன், கோயில் முடிந்து வெளியே நின்று பாடகர் குழுக்காரரிடமும் புலம்பினேன். அதே வாரத்தில் ஒருநாள் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் சட்டையை மடித்துக்கொண்டே, "நம்ம பேரு ஓட்டு லிஸ்ட்டுல இல்லையாம் சார், மூணு தடவ வீட்டுக்கு வந்தாங்களாம், பூட்டிக் கெடந்துச்சாம்" என்றார். பெண்ணின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியா" என்றேன். சொல்லிவிட்டு, அவரிடமும் ஆமணக்குக் கதையை ஆரம்பித்தேன்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபம். வரிசையாகப் படித்துக்கொண்டு வந்ததில் யோனா நாலாம் அதிகாரம் வந்து நிற்கிறது. என் மனைவி வாசிக்கிறாள். நினிவே அழியப்போகிறதா என்று வேடிக்கை பார்க்க நகரத்துக்குக் கிழக்கே குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறார் யோனா. அவர் தலைக்கு நிழலாக ஒரு ஆமணக்குச் செடி முளைக்கிறது, மறுநாள் விடியற்காலம் ஒரு பூச்சி அதை அரித்துப் போடுகிறது, தீர்க்கதரிசி செத்தால் தேவலை என்கிற அளவுக்கு எரிச்சலாகிறார். ஆண்டவர் கேட்கிறார், நீ பாடுபடாத, நீ வளர்க்காத ஒரு செடிக்காக இத்தனை பரிதாபப்படுகிறாயே, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேரும் அதற்கு மேலும், ஆடுமாடுகளும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதாபப்படக்கூடாதா என்று. புத்தகம் அதோடு முடிகிறது, யோனா என்ன பதில் சொன்னார் என்றே இல்லை. என் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பன்னிரண்டு வயதுக்கு இதெல்லாம் எப்படிப் புரிகிறதோ.

குத்து நேரே நெஞ்சில் விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும், புத்தக அலமாரிக்குப் போவேன். அதைத்தான் செய்தேன். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தை எடுத்தால் அங்கே சுரைக்கொடி! நமக்கு ஆமணக்கு, அவர்களுக்குச் சுரை. எபிரேயச் சொல் எந்தச் செடியைச் சொல்கிறது என்பதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. பழைய காலத்துச் சபைப் பெரியவர் ஜெரோம் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்தபோது, அதுவரை சுரையாக இருந்ததை ஐவிக் கொடியாக மாற்றிவிட்டார். இன்று லிபியாவில் திரிப்போலி என்கிறோமே, அந்த ஊரில் ஒரு ஆயர் புதிய மொழிபெயர்ப்பைச் சபையில் வாசிக்க, காலங்காலமாகக் கேட்ட சொல் மாறிப்போனதில் ஜனங்கள் கொதித்து எழுந்து, ஆயரே சபையை இழக்கும் நிலை வந்துவிட்டது என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் கி.பி. 403-ல் ஜெரோமுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒரு செடியின் பெயருக்கு! பாட்டுப் புத்தகத்தில் ஒரு வார்த்தையை மாற்றியதற்கு நம் ஊரில் இரண்டு ஞாயிறு நடந்த சண்டை ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. செடி காய்ந்தபின் கர்த்தர் உஷ்ணமான கீழ்க்காற்றை அனுப்புகிறார். நமக்குக் கீழ்க்காற்று என்றால் கொண்டல், கடலிலிருந்து வருவது. மே மாதத்தில் மத்தியானம் கடற்காற்று எப்போது உள்ளே வரும் என்று மெட்ராஸே காத்துக் கிடக்கும். நம்மைக் காய்ச்சுவது மேற்கிலிருந்து வரும் காற்று. யோனாவின் சொந்த நாட்டுக்குக் கிழக்கே பாலைவனம், நமக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. இத்தனை வருஷம் அந்த வரியை அர்த்தம் உள்ளே இறங்காமலே வாசித்திருக்கிறேன்.

பூச்சியைப் பற்றியும் ஒன்று. 2008-க்கு அப்புறம் நம் தோட்டத்துப் பப்பாளியெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல மாவுப்பூச்சி பிடித்து, மாமா வாரம் தவறாமல் மருந்து அடித்தும் போகவில்லையே. கடைசியில் அதை அடக்கியது மருந்து இல்லை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குளவி. தேவன் ஒரு பூச்சியைக் கட்டளையிட்டார் என்ற வரி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளவியும் ஞாபகம் வரும்.

அப்புறம் போன். நீங்கள் அதைப் பிசாசின் பெட்டி என்பீர்கள். முன்னே டிவியைச் சொன்னீர்கள், இப்போது பட்டம் கைமாறியிருக்கிறது. அன்று ராத்திரி நீங்கள் சொல்வதும் சரிதானோ என்று தோன்றியது. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் யோனாவின் ஆமணக்கைப் பற்றிக் கேட்டேன். அழகான பழைய வேதாகமத் தமிழில், அதிகாரம், வசன எண் எல்லாம் போட்டு, யோனா அந்தச் செடியை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார் என்று ஒரு வசனம் கொடுத்தது. அப்படியொரு வசனமே கிடையாது! நீ வளர்க்கவில்லை என்பதுதானே அங்கே ஆண்டவரின் வாதமே. அப்பாவின் வேதாகமம் மடியில் திறந்திருந்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் அதை அப்படியே எழுதிப் போட்டிருப்பேன், நீங்களும் "ஆமென்" என்று நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். போனில் பேசி எழுதினால் என் "ஆமென்" "ஆமாம்" ஆகிவிடுகிறது, அது வேறு கதை.

ஆனாலும் கருவியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை அத்தை. 1761-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்தார்கள். வேப்பேரியில் மிஷனரியாக இருந்த பப்ரிசியஸிடம் அதைக் கொடுத்தார்கள், சும்மா இல்லை, கம்பெனி அரசாங்கத்தின் வேலை வந்தால் அதை முதலில் அச்சடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர். 1779-ல் அவருடைய தமிழ் அகராதி அச்சானதும் வேப்பேரியில்தான். போரில் கொள்ளையடித்த மிஷின், அரசாங்க நோட்டீஸ், வேதப் புத்தகம், எல்லாம் ஒரே அறையில், ஒரே மையில். இதில் எதை அரசியல் என்று தள்ளுவது, எதை ஆத்துமாவுக்கு என்று எடுத்துக்கொள்வது?

இதையெல்லாம் தேடிப் படித்து முடிக்க மணி ஒன்றரை. படுத்தபின்தான் தோன்றியது, அகஸ்டினையும் ஜெரோமையும் புரட்டியது இஸ்திரிக்கார அண்ணனிடம் போகாமல் இருப்பதற்கான சாக்கு என்று.

காலையில் போனேன். உங்களுக்கு எஸ்.ஐ.ஆர் தெரியும், அதுதான் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், நவம்பரில் உங்கள் வீட்டுக்கும் படிவம் வந்திருக்கும். 2025 டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தார்கள். நீக்கிய பெயர் 97 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் இருக்கிறார்கள், அதை எடுக்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கதவு பூட்டியிருந்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள், அவர்கள்தான் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், ஒருநாள் கடையை மூடினால் அன்றைக்கு வருமானம் இல்லாதவர்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். அண்ணன் வண்டியை மூடிவிட்டு, தானே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பெயர் சேர்க்கப் படிவம் 6, கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ அப்பா அம்மா பெயரோ இருந்தால் அந்த விவரத்தை எழுத வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து என் போனில் தேடினோம், அதே பிசாசின் பெட்டியில். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம், பாகம் எண் தெரியாது. ஸ்கேன் செய்த பக்கங்களைத் தள்ளித் தள்ளி, முக்கால் மணி நேரம் கழித்து, ஓர் எழுத்துப் பிழையோடு, அவர் அப்பா பெயர் வந்தது. நான் வரிசை எண்ணைக் குறிக்கப் பேனாவை எடுத்தேன். அவர் போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பாவுக்கு அப்ப அறுவத்தொண்ணு வயசா" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாம்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். பதில் இன்னும் வரவில்லை.

அரசியல் வேண்டாம் என்கிறீர்கள் அத்தை. நம் திருச்சபையின் திருமண்டலத் தேர்தல் வந்தால் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர் யார்? சண்டைக்குச் சொல்லவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் ஆராதனையில் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிப்பதும் நீங்கள்தான். அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதச் சொன்னதும், யோசேப்பு நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனதும் உங்கள் குரலில்தான் எனக்கு மனப்பாடம். முகாமில் நிற்கும்போது அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, நம்பினால் நம்புங்கள்.

நந்தனம் புத்தகக் காட்சிக்கு ஒருநாள் போய்வந்தேன், உங்களுக்குப் பெரிய எழுத்துச் சங்கீதப் புத்தகம் வாங்கியிருக்கிறேன், அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன். பதிலுக்குக் கிணற்றடியில் நிற்கும் ஆமணக்கிலிருந்து ஒரு கைப்பிடி கொட்டமுத்து எடுத்து வையுங்கள். பெயிண்ட் டப்பா காலியாகத்தான் இருக்கிறது, குழந்தைகளுக்கு எட்டாத இடமாகப் பார்த்துவிட்டேன்.

உங்கள் பெயரும் மாமா பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டதற்கு "அதெல்லாம் இருக்கும்ல" என்றீர்கள். பழைய வாக்காளர் அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நானே பார்க்கிறேன். ஞானஸ்நானப் பெயரில் இருக்கிறதா, வீட்டுப் பெயரில் இருக்கிறதா என்பதை மட்டும் மாமாவிடம் சத்தமாகக் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்
பெரம்பூர், சென்னை