இரண்டாவது ஈ.சி.ஜி.

அன்புள்ள மீனா,

பேரன் படம் வந்தது. நீ எவ்வளவு மறுத்தாலும் அந்த மூக்கு உன் மாமியாருடையதுதான். முட்டிவலிக்கு ஒழுங்காக மாத்திரை போடு. இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இப்போது உன்னிடம் சண்டை போட எனக்குத்தான் விஷயம் இருக்கிறது.

உன்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். முதல் ஈ.சி.ஜி.யைப் பார்த்த மாத்திரத்தில் அட்டாக் என்று சொல்லி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் லைசிஸ் மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதோடு சரி. 90 நிமிடம் கழித்து இன்னொன்று எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நமக்குப் பாடம் எடுத்த ஸ்கேல் சார் இருந்திருந்தால் வார்டையே இரண்டாக்கியிருப்பார்!

போன வாரம் ஒரு கரும்பு வெட்டும் ஆள் வந்தார். நெஞ்சில் வைக்கும் வி3 லீடில், அட்டாக்கில் மேலே எழும்பும் அந்த எஸ்.டி. கோடு 4 மில்லிமீட்டர் எழும்பி நின்றது. கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஒரு மணி நேரத்தில் ஏறி முடிந்தது. மார்ஃபினும் கொடுத்திருந்தோம், வலி விட்டுவிட்டது. மனுஷன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார். 90-வது நிமிடம் எடுத்துப் பார்த்தால் வி3-யில் இன்னும் மூன்றரை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றதும் அவர் மனைவிக்குக் கோபம். "வலிதான் நின்னுடுச்சே டாக்டரம்மா, எதுக்கு அலைக்கழிக்கிறீங்க?"

இரண்டு தாளையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவால் தொட்டுக் காட்டினேன். "இந்த மேடு இறங்கணுமா?" என்றார். "ஆமாம்மா." "இறங்கலையே." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரே போய்ப் பையை எடுத்துக்கொண்டு 108-ல் ஏறிவிட்டார். அங்கே ஆஞ்சியோ பார்த்தபோது இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயான எல்.ஏ.டி.யில் அடைப்பு விடவே இல்லையாம். ஸ்டென்ட் வைத்து, அந்த ஆள் இப்போது வீட்டில் இருக்கிறார்.

வலியை நம்பியிருந்தால் அந்த மனுஷன் என்ன ஆகியிருப்பார், சொல்? இதய ஆராய்ச்சியாளர் ஷ்ரோடர் இதை என்றைக்கோ காட்டிவிட்டார். எஸ்.டி. 70 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் ஒரு கூட்டம், 30 முதல் 70 வரை இன்னொன்று, 30-க்குக் கீழே மூன்றாவது. கட்டி கரைக்கும் மருந்துகளை ஒப்பிட்ட இன்ஜெக்ட் ஆய்வின் 1995-ல் வந்த கணக்கில், மூன்று மணி நேரத்து ஈ.சி.ஜி.யை வைத்துப் பிரித்தபோது 35 நாளில் இறந்தவர்கள் முறையே 2.5, 4.3, 17.5 சதவீதம். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு எப்படி ஒருத்தரை இட்லி சாப்பிட்டுத் தூங்கச் சொல்வது? குழாய் திறந்ததா என்பதோடு நிற்காமல், அதற்கு அப்பால் தசைக்குள் ரத்தம் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அந்தக் கோடு சொல்கிறது. என்னிடம் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் இல்லை, ராத்திரியில் எக்கோ பார்க்க ஆள் இல்லை. யாரை உடனே அனுப்பவேண்டும் என்று தெரிந்துகொள்ள இருப்பது இந்த இரண்டு தாள்தான்.

உன் டிபார்ட்மென்டில் ஏதோ மென்பொருள் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வாங்கு, நல்லதுதான். ஆனால் இரண்டாவது ஈ.சி.ஜி.யை எடுத்தால்தானே அதுவும் படிக்கும்?

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடு. நெஞ்சில் லீடு வைத்த இடத்தைப் பேனாவால் குறிக்கட்டும், இடம் மாறினால் ஒப்பிடவே முடியாது. அதிகம் எழும்பிய லீடு ஒன்றை அளந்தாலே போதும். தாளில் தேதியோடு நேரமும் எழுதட்டும். அந்த வெப்பத்தாள் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது, அதனால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கேஸ் ஷீட்டில் வைக்கட்டும்.

அடுத்த மாதம் உன் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு, நானே வந்து பேசுகிறேன். பெயரை அழித்துவிட்டு அந்த இரண்டு தாளின் நகலையும் கொண்டுவருகிறேன். சாரதாவையும் அன்றைக்கு வரச்சொல். திங்கள் மட்டும் வேண்டாம், எனக்கு ஓ.பி. இருக்கிறது.

அன்புடன்,
கலா