அப்பிச்சி வண்டிக்கு பிரேக் பிடித்தாகிவிட்டது

கண்ணு,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் உங்கப்பா இருந்தார், நான் ஒன்று சொன்னால் அவர் அதற்கு ஒரு வியாக்கியானம் சொல்வார், போன் பேச்சு அத்தோடு போய்விடும். "அந்தப் பழைய இரும்புக்கு எதுக்கும்மா காசை இறைக்கிறே, எடைக்குப் போட்டுட்டு ஒரு குட்டி யானை வண்டி வாங்கிக்கோ" என்றாய் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. என் அப்பா, உன் அப்பிச்சி ஞாபகத்துக்காக இதைச் செய்கிறேன் என்று நினைத்து நீ உருக வேண்டாம். அவரே அந்தப் பிக்கப்பைத் திட்டாத நாள் கிடையாது. 1988ல் வாங்கின மகிந்திரா, தேங்காயும் கொப்பரையுமாக காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் அடித்து அடித்து, அவர் போன பிறகு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரத்தடியில் நின்றுபோனது. எனக்கு வேண்டியது தோப்பிலிருந்து களத்துக்குக் காய் கொண்டுபோக ஒரு வண்டி. வாடகை வண்டிக்காரர் வருகிறேன் என்கிற நேரத்துக்கு வருவதில்லை. புது வண்டி வாங்கலாம்தான், ஆனால் அதில் ஒரு விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தால்தான் என்ன கோளாறு என்று தெரியுமாம். இதில் இருப்பது பிரான்ஸ் நாட்டு பீஜோ கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி மகிந்திரா இங்கே செய்த 2112 சிசி டீசல் என்ஜின், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே நிற்கிறது. போர் மோட்டாரோடும் ஸ்டார்ட்டர் பெட்டியோடும் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியவளுக்கு இது ஒன்றும் வேற்றுக் கிரகம் இல்லை.

வண்டியைத் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு இழுத்து வந்த அன்றைக்கு ஊரே வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை, பேட்டரியைக் கொடுத்து ஒரு தடவை சத்தம் கேட்டுவிட வேண்டும். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற மேஸ்திரி ஒருவரைக் கேட்டிருந்தேன், அவர்தான் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஓடறதுக்கு என்னங்க அம்மிணி, அது ஓடிரும். நிக்கோணும்" என்றார். பழைய வண்டியை எழுப்புகிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள் போலிருக்கிறது. என்ஜின் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் கேட்டைத் தாண்டி எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மேட்டில் இறக்கியவர் கதையெல்லாம் அவரிடம் நிறைய இருக்கிறது.

அதனால் முதலில் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, மேஸ்திரி போட்ட முதல் சட்டம் அது) கழற்றப் பார்த்தால் டிரம் துருவேறி, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கிற ஷூவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் வந்தது. உள்ளே ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் எல்லாம் இறுகிப்போயிருந்தன. எனக்கு அதுவரை தெரியாது, பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், வருஷக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால் அந்த ஈரமே சிலிண்டரை உள்ளிருந்து அரித்துவிடும். ஷூவுக்குப் புது லைனிங் அடித்தோம். டிரம்மை லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்கினோம். ஊருக்கு ஊர் லேத் பட்டறை இருப்பது நம் பக்கத்துக்குப் பம்பு செட்டு கொடுத்த வரம், வேறு எங்கேயாவது என்றால் இதற்கு எத்தனை நாள் அலைய வேண்டியிருக்குமோ.

ரப்பர் கிட் மாற்றும்போது பக்கத்துத் தோட்டத்துப் பையன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ரப்பர் வாஷரையெல்லாம் டீசலில் கழுவப் போனான். மேஸ்திரி போட்ட சத்தத்தில் மாடு மிரண்டுவிட்டது. டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும், பிரேக் பிடித்தால் விடாது. பிரேக் பாகத்தைப் பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோதான் கழுவ வேண்டும்.

அப்புறம் ஏர் எடுக்கிற வேலை, அதாவது பிரேக் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுவது. இதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். உங்கப்பாவுக்கு இடது முட்டியில்தானே ஆபரேஷன், வலது கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏற்றி உட்கார வைத்துவிட்டேன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின்னால் இடது சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சக்கரத்தடியில் காற்றை விடுகிற நிப்பிளில், உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முக்கி வைத்திருந்தேன். "ஏனுங்க, மிதிச்சாச்சுங்களா?" என்றால் "மிதிச்சாச்சு" என்பார். நான் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினால் டியூபில் குமிழ் குமிழாக வரும், திரும்ப நான் முடுக்குகிற வரைக்கும் அவர் காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் வெளியே வந்த காற்றை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவர் நடுவில் ஏதோ ஞாபகம் வந்து மேஸ்திரியிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார், கால் தானாக மேலே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் இவ்வளவு அதட்டியது கிடையாது. கடைசியில் குமிழே இல்லாமல் ஆயில் மட்டும் வந்தது, பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. அதைக் காலால் மிதித்துப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பிறகு என்ஜின் ஓடியபோதுகூட வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

என்ஜின் கதை சின்னதுதான். டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊற விட்டு, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம், சுற்றியது. கையால் சுற்றாத என்ஜினைச் செல்ஃப் போட்டு முறுக்கினால் உள்ளே எது உடையும் என்று சொல்ல முடியாது. டேங்கின் அடியில் நல்லெண்ணெய்க் கசடு மாதிரி ஒன்று படிந்திருந்தது, இறக்கிக் கழுவி, டீசல் குழாயெல்லாம் மாற்றியாயிற்று. பம்பும் நாசிலும் கோயமுத்தூர் போய்ச் சரியாகி வந்தன. கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் மாதிரி சில்லறைச் சாமானுக்கு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். வயரிங் பூராவும் எலி தின்றுவிட்டது, புதிதாகவே இழுத்துவிட்டோம்.

டயரில்தான் ஏமாற இருந்தோம். இதற்கு 6.00-16 சைஸ். டிராக்டர் முன் டயரும் அதே சைஸ்தான், உன் மாமா தன் டிராக்டரிலிருந்து கழற்றிய இரண்டைச் சும்மா தருகிறேன் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டார். பொருந்தும்தான், ஆனால் அது உழவு வேகத்துக்குச் செய்தது, தார் ரோட்டு வேகத்துக்கும் பிரேக்குக்கும் தாங்காது. அவருக்கு மனசு வருத்தம், இருக்கட்டும். வண்டியிலிருந்த பழைய டயரும் பார்வைக்குப் பட்டை நன்றாக இருந்தது. பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும் பார், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இதில் 2309. அதாவது 2009ல் 23ஆவது வாரம் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு யார் போவது? உன் காரிலும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடு.

நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. இதில் பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது, சீட் பெல்ட்டே நாங்களாக மாட்டியதுதான். பைபாஸ் பக்கமே எடுத்துக்கொண்டு போக மாட்டேன். ஊதியூருக்கும் காங்கேயத்துக்கும் போய்வர இது போதும்.

இப்போதைக்குத் தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓடுகிறது. ரோட்டில் ஏற எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வேண்டும், எஃப்.சி.க்கு முன்னால் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, என் பெயருக்கு மாற வேண்டும். அப்பிச்சி பெயரில் இருப்பதால் வாரிசுச் சான்றிதழோடு 31ஆம் நம்பர் படிவம், மாமாவின் சம்மதக் கையெழுத்து (டயரை வேண்டாம் என்றதை மறந்த பிறகு கேட்கலாம் என்றிருக்கிறேன்), வரி பாக்கி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. சரக்கு வண்டிக்கு, அதிலும் இத்தனை பழசுக்கு, வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வைத்துத்தான் இறங்கியிருக்கிறேன். பெயின்ட் எல்லாம் அதற்கப்புறம். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதால் அதே நீலம்தான்.

வாடகை, சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கான பேட்ஜ் இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு கார் ஓட்டுகிற எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் சொல்லிவிட்டது, என்னிடம் அது இருக்கிறது. உன்னுடையது என்ன ஆயிற்று? போன தடவை வந்தபோதே முடியப் போகிறது என்றாய். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். தைக்கு வரும்போது அதைக் கையோடு எடுத்து வா. அந்த டெஸ்டுக்கு இந்த வண்டியைக் கேட்காதே, தர மாட்டேன்.

அம்மா