டாமி ஜானின் கை

அன்பு மகனுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ கொடுத்தனுப்பிய மாத்திரைகளை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். மற்ற செய்திகளைப் போனில் பேசிக்கொள்ளலாம். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் போனில் பேசினால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

பேரனின் பேஸ்பால் ஆட்டத்துக்கு நீ என்னை அழைத்துப்போன அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் முப்பது வருடம் பட்டியல் எழுத்தராக இருந்து நெல் சிப்பம் எண்ணியவனுக்கு, எதையாவது எண்ணாமல் வேடிக்கை பார்க்க வராது. நான்கு கோடு கிழித்துக் குறுக்கே ஒரு கோடு போட்டு அவன் வீசிய ஒவ்வொரு பிட்சையும், அதாவது மட்டைக்காரரை நோக்கி எறியும் பந்தையும், குறித்து வைத்தேன். சனிக்கிழமை காலை ஆட்டத்தில் 68. அன்று மாலை இரண்டாவது ஆட்டத்தில் மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக அவனை உட்கார வைத்தார்கள். மறுநாள் இன்னொரு 43. இவை ஆட்டத்தில் வீசியவை மட்டும். உடல் சூடாவதற்காக ஓரத்தில் நின்று எறிந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் வலது கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தான். நீயும் மருமகளும் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. இடது கைக்காரனான அவனைச் சாப்பிடும்போது மட்டும் வலது கையைப் பயன்படுத்தும்படி அம்மா சிறு வயதிலேயே பழக்கிவிட்டதால், சாப்பாட்டு மேசையில் அவனது இடது முழங்கையின் வலி யார் கண்ணுக்கும் தெரியாது. பிரஷ்ஷை மாற்றிப் பிடித்திருப்பதைப் பார்த்து நான் கேட்டதற்கு, "சும்மாதான் தாத்தா" என்றான். அன்று மாலை காரில் உன்னிடம் இதைச் சொன்னபோது நீ சிரித்துக்கொண்டே, "அப்படியே ஏதாவது ஆனாலும் டாமி ஜான் ஆபரேஷன் இருக்கிறது, செய்துகொண்டவர்கள் முன்னைவிட வேகமாக வீசுகிறார்கள்" என்றாய். யார் அந்த டாமி ஜான் என்று கேட்கத் தோன்றி, உன்னிடம் கேட்காமல் நானே தேடிப் படித்தேன்.

அவர் இந்தியானா மாநிலத்தில் டெர்ரே ஹோட் என்ற ஊரில் 1943இல் பிறந்தவர். நம் பையனைப் போலவே இடது கைக்காரர். 1963இல் கிளீவ்லேண்ட் அணியில் தொடங்கி, சிகாகோ வொயிட் சாக்ஸ் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு வந்தார். அவர் வேகத்தை நம்பியவர் அல்லர் என்பதுதான் எனக்கு முதலில் பட்ட செய்தி. மட்டைக்காரரை நெருங்கும்போது கீழே இறங்கும் சிங்கர்தான் அவருடைய சரக்கு. அடிப்பவர் பந்தின் தலையில் தட்டி அதைத் தரையில் உருட்டிவிடுவார். மீதியைக் களத்தில் நிற்கும் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

1974 ஜூலை 17 அன்று மான்ட்ரியல் அணியோடு நடந்த ஆட்டத்தில்தான் அந்த முழங்கை போயிற்று. அந்த ஆண்டில் அதுவரை அவருக்கு 13 வெற்றி, 3 தோல்வி, வயது 31. மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் முழங்கையின் உட்புறத்தில் கட்டி வைத்திருக்கும் நார் அறுந்துவிட்டது. அதற்கு முன் இப்படி அறுந்தவர்கள் எல்லோரும் "கை செத்துவிட்டது" என்று வீட்டுக்குப் போனவர்கள்தாம். டாக்டர் பிராங்க் ஜோப் செப்டம்பர் 25 அன்று, அதுவரை எந்தப் பிட்சருக்கும் செய்திராத ஒன்றைச் செய்தார். உன் கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பார். நடுவில் ஒரு தசைநாண் நரம்பு போலப் புடைத்து நிற்கும். (சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, எனக்கு வலது கையில் இல்லை.) ஜானின் வலது கையிலிருந்து அதை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைப்பது போலக் கோத்துக் கட்டினார். பழையபடி ஆட வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அறுவை முடிந்த பின் முழங்கையை ஒட்டி ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டு அவருடைய இடது கை விரல்கள் கோழிக்கால் போல மடங்கிக்கொண்டன. டிசம்பரில் இரண்டாவது அறுவை செய்ய வேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி. டாக்டர் ஜோபும் ஒரு கை பிழைத்துவிட்டதே என்று உடனே அடுத்த கையைத் திறந்துவிடவில்லை. இரண்டாவது பிட்சருக்கு அவர் இதைச் செய்தது 1978இல்தான்.

அதன் பின் வந்ததெல்லாம் உண்மையிலேயே வியப்புதான், மறுக்கவில்லை. 1977இல் 20 வெற்றி. நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் 1979இல் 21, அடுத்த ஆண்டு 22. 1989இல் 46 வயதில் ஓய்வு பெற்றபோது 26 பருவங்கள் ஆடி 288 வெற்றிகள் பெற்றிருந்தார். அவற்றில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை. அப்படியிருந்தும் அவரைப் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத கணக்கு.

ஆனால் தம்பி, மீதி 124ஐயும் பார். கத்தி பட்ட அந்தக் கை 12 பருவங்கள் உழைத்து முதிர்ந்த கை. அதன் சொந்தக்காரருக்குத் தன் உடம்பு தெரியும், வேகம் இல்லாமல் ஆட்டத்தை வெல்லவும் தெரியும். திரும்பி வந்ததும் அவர் வீசியது அதே சிங்கரைத்தான். அவர் பெயரைச் சொல்லிப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஆறுதல் தேடுவது பொருந்தாது. தன் பெயர் தாங்கிய அறுவையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தனை பேருக்குச் செய்கிறார்களே என்று ஜானே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார்.

உங்கள் டெக்சாஸில் எதற்கெடுத்தாலும் நோலன் ரயான் என்ற பிட்சரைச் சொல்கிறார்கள். 27 பருவங்கள், 5,714 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க விடாமலே மட்டைக்காரரை வெளியேற்றியது. அவர் கணக்கே தனி. அவருக்கும் 1993 செப்டம்பரில், 46 வயதில், சியாட்டிலில் வீசிக்கொண்டிருக்கும்போது இதே நார்தான் அறுந்தது. அதுவே கடைசி ஆட்டமானது. ஜானுக்கு முன்பே டாட்ஜர்ஸில் ஆடிய சாண்டி கோஃபேக்ஸும் இடது கைக்காரர்தான். முழங்கை மூட்டு தேய்ந்து, ஊசி போட்டுக்கொண்டும், மிளகாய்ச் சாரம் கலந்த களிம்பைத் தோளிலும் கையிலும் பூசி எரிய விட்டுக்கொண்டும், ஆட்டம் முடிந்ததும் முழங்கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டும் 1966இல் 27 ஆட்டங்களை வென்றார். அந்த நவம்பரிலேயே, 30 வயதில், போதும் என்று நிறுத்திவிட்டார். ஆட்டத்துக்குப் பிறகும் வாழ வேண்டிய வருடங்கள் நிறைய இருக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். அவருக்காவது நிறுத்தும் உரிமை அவர் கையில் இருந்தது. நம் பையனுக்கு அது உன் கையில் இருக்கிறது.

வளரும் வயதில் முழங்கையில் முதலில் விட்டுக்கொடுப்பது நார் அன்று. எலும்பு வளரும் இடத்தில் இருக்கும் குருத்துத் தட்டு நாரைவிட மென்மையானது; ஒவ்வொரு எறிக்கும் நார் அதைப் பிடித்து இழுக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்து எறிவதை நிறுத்தினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானே ஆறிவிடும். வலியோடு தொடர்ந்து வீசினால் தட்டு விலகக்கூடும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பிட்சுக்கு மேல் கூடாது என்றும், 66ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்றும் இருக்கிறது. ஆண்டில் நான்கு மாதமாவது பிட்ச் செய்யாமல் இருக்க வேண்டுமாம். என் நோட்டில் சனிக்கிழமைக் கணக்கு 68. நான்கு நாள் ஓய்வு என்றால் அவன் அடுத்து பிட்ச் செய்திருக்க வேண்டியது வியாழக்கிழமை, செய்தது மறுநாளே.

பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். உனக்குப் பதினைந்து வயதில், மாவட்ட அணித் தேர்வுக்கு முந்தின மாதம், முதுகு வலிக்கிறது என்று நீ சொன்னபோது, "வேகப் பந்து வீசுகிறவனுக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று சைக்கிளில் வைத்து மைதானத்துக்கு அழைத்துப்போனவன் நான்தான். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, இடுப்புக்கு மேலே மயிரிழை போல இருந்த விரிசலைத் தஞ்சாவூர் டாக்டர் காட்டியபோது, அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நீ அதற்காக என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அதனால் இந்த மாதக் கடைசிப் போட்டிக்கு அவனை அனுப்பாதே. முன்பணம் போனால் போகட்டும், அதை நான் தருகிறேன். குழந்தைகளின் மூட்டைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டி, இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். அவனிடம் பேசும்போது, ஆடக் கூடாது என்று தொடங்காதே, அழுதுவிடுவான். டாமி ஜான் ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்திருந்த கதையிலிருந்து தொடங்கு. நான் எண்ணிய நோட்டு உன் மேசையின் கீழ் இழுப்பறையில், கரண்ட் பில்களுக்கு அடியில் இருக்கிறது. நிறையப் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது, அடுத்த பருவத்துக்கு ஆகும்.

நாளைக் காலை அவன் எந்தக் கையால் பல் துலக்குகிறான் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா